மூன்றரை மில்லிமீற்றர் வெளியே நின்ற தோட்டா

கொழும்பில் ஞாயிறு காலை ஏழு மணி என்றால் ஸ்காபரோவில் சனிக்கிழமை இரவு ஒன்பதரை. சின்ன மச்சான் எடுப்பதென்றால் அந்த நேரத்தில்தான் எடுப்பான். அன்றைக்கு அழைப்புக்கு முன்னால் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. ரிவோல்வரின் சிலிண்டர். ஆறு துளைகளில் ஐந்தில் தோட்டா விளிம்புவரை இறங்கியிருக்கிறது, ஆறாவது மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தேத்தண்ணியோடு வந்த மனைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உதென்ன கண்டறியாத படம்? உடன அழியுங்கோ."

"உன்ர தம்பிதான் அனுப்பினவன்."

"ஆர் அனுப்பினா என்ன? உதைப் போனில வச்சுக்கொண்டே வெள்ளவத்தையில திரியப் போறியள்?"

அவளைப் பிழை சொல்ல முடியாது. போனில் 'தோட்டா' என்ற சொல்லைச் சொல்லவே கூசிய ஊர் இது. 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய அந்தக் காலை எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நானும் மறுபேச்சுப் பேசாமல் படத்தை அழித்தேன். அந்த அழிப்பால் இரண்டு கிழமை வீணாய்ப் போகும் என்று அப்போது தெரியாது.

மச்சான் அங்கே சட்டப்படி கிளப்பில் சேர்ந்து குறி பார்த்துச் சுடுகிறவன். 2022 ஒக்டோபர் 21இல் கனடா கைத்துப்பாக்கி விற்பனையை முடக்கியதற்கு முன்பே வாங்கிப் பதிந்து வைத்திருந்த ரிவோல்வர் அது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, வீட்டு நிலவறையில் ஒரு கையழுத்தி வைத்துத் திருப்பி நிரப்புவான். காசு மிச்சம் என்கிறான். அதற்காக வாங்கிய சாமான்களின் விலையைக் கேட்டால் அந்தக் கதை நிற்காது. இங்கே யாரும் இதை வாசித்துவிட்டு முயன்று பார்க்க வேண்டாம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

நான் பஞ்சிகாவத்தையில் லேத் போட்டிருப்பவன். துப்பாக்கி ஒன்றை வாழ்நாளில் கையால் தொட்டதில்லை. ஆனால் ஓர் உருளை ஒரு துளைக்குள் போகவில்லை என்றால் அது என் தொழில். புஷ், பெயாரிங், கிங்பின் என்று முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அதனால்தான் அவன் என்னிடம் வந்தான்.

"அத்தான், அம்பது நிரப்பினா எட்டு இறங்குதில்லை. பெருவிரலால அமத்தினாலும் பாதியில நிக்குது. பிறகு ஸ்க்ரூட்ரைவர் பிடியால மெல்லமாத் தட்டினனான்..."

"என்னத்தால தட்டினனீ?"

அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் நான் மட்டும்தான் பேசினேன். பின்பக்கத்தில் கேப், அதாவது அடிபட்டால் தீப்பற்றி மருந்தைக் கொளுத்துகிற சின்ன மூடி, இருக்கிற ஒன்றைப் பின்பக்கத்தில் தட்டுவதா? போகாத தோட்டா போகாத தோட்டாதான். அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, சுத்தியல் மாதிரி இருக்கிற குண்டு கழற்றியில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, குண்டையும் வெடிமருந்தையும் பிரித்து எடுக்க வேண்டும். அமத்தவும் கூடாது, தட்டவும் கூடாது, நிரப்பியதைத் திருப்பி டைக்குள், கோதுக்கு உருக் கொடுக்கிற அச்சுக்குள், விட்டு நசிக்கவும் கூடாது.

வேலை எப்படி நடக்கிறதென்று அவனிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுட்ட கோது வெடியின் அமுக்கத்தால் விரிந்திருக்கும். அதை ஒரு டைக்குள் தள்ளி ஒடுக்குவார்கள். அடுத்த டை வாயைக் கொஞ்சம் விரிக்கும், ஈயக் குண்டு சீவுப்படாமல் உட்கார. கேப் அடித்து, மருந்து போட்டு, குண்டை இறக்கி, கடைசியில் கோதின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடிப்பார்கள். இந்த நான்கு இடத்தில் எங்கே பிசகினாலும் தோட்டா துளைக்குள் போகாது. ஆனால் ஒவ்வொரு பிசகும் கோதின் வெவ்வேறு இடத்தில் தடிப்பு வைக்கும். இதை நான் உடனே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

அவன் வேர்ணியர் வைத்துக் கோதின் நடுவை அளந்து 0.377 அங்குலம் என்றான். அவன் நிரப்பிய .38 ஸ்பெஷல் வகைத் தோட்டாவின் கழுத்து 0.379க்கு மேல் போகக்கூடாது, துளை அதைவிட ஓரிரு 'தவ்' கூட இருக்கும். தவ் என்றால் எங்கள் பட்டறைப் பேச்சில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணக்குப்படி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படியானால் அடிப்பக்கம் ஒடுங்கவில்லை என்று முடிவு கட்டினேன். "ஒடுக்குற டையைக் கீழ இறக்கு, கோது பிடிக்கிற தட்டில பட்டும் படாமலும் இருக்கட்டும்" என்றேன். கார்பைட் வளையம் வைத்த டை, இறுக்கிக் கொண்டுபோய் இடித்தால் வளையம் விரிசல் விட்டுவிடும் என்பதால் 'பட்டும் படாமலும்'.

அடுத்த ஞாயிறு: ஐம்பதில் ஏழு. எட்டு ஏழானது. அந்த ஒன்று ஏன் குறைந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. இதற்கிடையில் அவன் தன் பாட்டுக்கு மடிப்பு டையை அரைச் சுற்று இறக்கி, அரைச் சுற்று ஏற்றி, வேறு கொம்பனிக் குண்டும் வாங்கிப் போட்டிருக்கிறான். மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவனிடம் எது வேலை செய்தது என்று கேட்டு என்ன பயன்?

பட்டறையில் புஷ் ஒன்று இறுகினால் நான் அளந்துகொண்டிருப்பதில்லை. நீலம் பூசி உள்ளே விட்டு எடுப்பேன். எங்கே நீலம் அழிந்திருக்கிறதோ அங்கே தட்டுகிறது. இது எனக்குப் பதினெட்டு வயதில் ஒரு பட்டறை முதலாளி காட்டித் தந்த வேலை. மச்சானின் விஷயத்தில் மட்டும் ஏன் மறந்தேன்? தோட்டா என்றதும் அது ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்துவிட்டேன் போல.

"கறுப்பு மார்க்கர் பேனை இருக்கோ?"

"பிள்ளையின்ர பள்ளிக்கூட பாக்கில இருக்கும்."

முதலில் கேப்பும் மருந்தும் இல்லாத பொய்த் தோட்டாக்கள் பத்துச் செய்யச் சொன்னேன். டையைச் சரிபார்க்கிற வேலைக்கு உயிருள்ள தோட்டா தேவையே இல்லை. சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைத்தாயிற்று. துப்பாக்கியின் மற்றப் பகுதி வேறு அறையில். கோது முழுவதும் கறுப்பு அடித்து, ஒவ்வொன்றையும் அதன் சொந்தப் பாரத்தில் விழ விட்டு, நின்றதை ஒருமுறை மெல்லச் சுற்றி எடுக்கச் சொன்னேன். நின்ற இரண்டிலும் ஒரே இடத்தில் கறுப்பு அழிந்து பித்தளை மினுங்கியது: வாய் மடிப்புக்கு நேர் கீழே, நூல் கட்டியது போல ஒரு வளையம். நடுவிலும் இல்லை, அடியிலும் இல்லை. அந்த வளையத்தை அளக்கச் சொன்னேன். 0.382.

அவன் முதல்நாள் நடுவை அளந்தான். நான் எங்கே அளந்தாய் என்று கேட்கவில்லை.

ஏன் அங்கே வீங்குகிறது என்பதை வாயால் விளங்கப்படுத்தப் பார்த்தேன், அவனுக்கு ஏறவில்லை. திங்கட்கிழமை பட்டறையில் ஏசிக்குப் போடுகிற செப்புக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே ஒரு இரும்புக் கட்டையை இறக்கி, லேத்தில் கடைந்த கிண்ணம் போன்ற ஒரு வாயால் மேலிருந்து அமத்தினேன். வாய் உள்ளே மடிந்தது. அதுவரை அழகு. இன்னும் கால் மில்லிமீற்றர் அமத்தினேன். உள்ளே போக இடமில்லை, இரும்பு தடுக்கிறது. செப்பு என்ன செய்யும்? மடிப்புக்குக் கீழே வெளிப்பக்கமாகப் பிதுங்கியது. விரலை வைத்துச் சுற்றினால் தட்டுப்படுகிற அளவு, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத அளவு. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அந்தப் படத்தை மனைவி அழிக்கச் சொல்லவில்லை.

அவனுடைய டை குண்டை இறக்குவதும் வாயை மடிப்பதும் ஒரே அமுக்கலில் செய்கிற வகை. குண்டு இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மடியத் தொடங்குகிறது. எல்லாக் கோதும் ஒரே உயரம் என்றால் அதையும் சமாளிக்கலாம். ஆனால் அவன் பொறுக்கிய கோதுகள் பத்துக் கொம்பனி. அளக்கச் சொன்னேன்: கட்டையானது 1.144 அங்குலம், நெட்டையானது 1.154. பத்துத் தவ் வித்தியாசம். கட்டைக்கு அளவாக டையை வைத்தால் நெட்டை பத்துத் தவ் கூட மடிபடும். அது போக இடமில்லாமல் வீங்கும்.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று வந்தது. இந்த டைகளின் மரை அங்குலத்துக்குப் பதினான்கு. ஒரு முழுச் சுற்று என்றால் ஏறக்குறைய 71 தவ். எட்டில் ஒரு சுற்று 9 தவ். அதாவது கோதுகளுக்கிடையில் இருந்த வித்தியாசம் முழுவதும் எட்டில் ஒரு சுற்றுக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மச்சானோ அரைச் சுற்று அரைச் சுற்றாக, 36 தவ் 36 தவ்வாகத் திருகிக்கொண்டிருந்தான். ஊசித் துவாரத்தைத் தேடுகிறவன் அலவாங்கால் தோண்டினது மாதிரி. டையின் தலையில் மார்க்கரால் ஒரு கோடும் அழுத்தியில் ஒரு கோடும் போடச் சொன்னேன். இனி எட்டில் ஒன்றுக்கு மேல் ஒருதரமும் திருகாதே, ஒன்றை மாற்றினால் மற்றதைத் தொடாதே.

"குண்டை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிவிட்டா இறங்காதோ அத்தான்?" என்று கேட்டான். இதுதான் எனக்குப் பயம் தந்த கேள்வி. தடிப்பு குண்டில் இல்லை, கோதில் இருக்கிறது. குண்டைத் தள்ளி என்ன ஆகப்போகிறது? அதைவிட, குண்டு ஆழமாக இறங்கினால் மருந்துக்கு உள்ள இடம் சுருங்கும், அமுக்கம் ஏறும். நிரப்புவோர் கைநூலில் போட்டிருக்கிற மொத்த நீளத்தில் கை வைக்காதே என்றேன். அவன் மேலும் கீழும் தலையாட்டியதைப் பார்த்தால் ஏற்கெனவே ஒன்றிரண்டு தள்ளிப் பார்த்திருப்பான் போலத்தான் தெரிந்தது.

செய்த மாற்றம் இவ்வளவுதான். கோதுகளை ஒருமுறை வெட்டி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தான். குண்டு இறக்குவதை ஒரு டையிலும் வாய் மடிப்பதை இன்னொரு டையிலும் பிரித்தான். மடிப்பு குண்டின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்ததும் நிறுத்தினான். வாயை விரிக்கிற டையையும் குறைத்தான். குண்டின் அடி நகநுனி அளவு உட்கார்ந்தால் போதும், புனல் மாதிரி விரிக்க வேண்டியதில்லை. ஆனால் அறவே விரிக்காமல் விட்டால் ஈயம் சீவுப்பட்டு மடிப்புக்கு அடியில் சுருளாகத் தங்கும், அதுவும் துளைக்குள் தடுக்கும். ஐம்பது நிரப்பி ஐம்பதையும் சிலிண்டரில் போட்டுப் பார்த்தான். ஐம்பதும் இறங்கின.

முதல் கிழமை எட்டாக இருந்து ஏழாகக் குறைந்ததே ஒன்று, அதையும் இப்போது பிடித்தோம். பழைய டப்பாவில் இருந்த எட்டையும் பிரிக்கும்போது பார்த்தால் ஏழில் மடிப்புக்குக் கீழே உராய்வு, ஒன்றில் மட்டும் விளிம்புக்குப் பக்கத்தில். யாரோ ஒருவரின் அகலமான துளையில் சுட்டு அடி பெருத்த கோது அது. டையைக் கீழே இறக்கச் சொன்ன என் வைத்தியம் அந்த ஒன்றுக்குச் சரி. எட்டில் ஒரு நோயாளிக்குரிய மருந்தை எட்டுப் பேருக்கும் கொடுத்திருக்கிறேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி போன்.

"அத்தான், திரும்பவும் நிக்குது. முதல் அனுப்பின படத்தில இருக்கிற மாதிரியே."

"அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பு."

"ஏன், உங்களிட்ட இல்லையோ?"

"உன்ர கொக்காவைக் கேள்."

திரும்பி வந்த படத்தை இந்தமுறை விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோட்டாவின் அடியில் பொறித்திருந்த எழுத்து. இறங்கிய ஐந்திலும் .38 ஸ்பெஷல். நின்றுகொண்டிருந்த ஆறாவதில் .357 மேக்னம். இரண்டும் இரண்டு சாதி! அவனுடைய ரிவோல்வர் .357, அதில் .38ஐயும் போடலாம், விளிம்பும் பருமனும் ஒன்று, கோதின் நீளம்தான் வேறு. அவனுக்கு அது சாதாரணம், அதனால் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது, அதனால் கேட்கவில்லை.

"எவ்வளவு வெளிய நிக்குதெண்டு அளந்து சொல்லு."

"மூண்டரை மில்லிமீற்றர் வரும்."

.38இன் கோது 1.155 அங்குலம், .357இன் கோது 1.290. கழித்தால் 0.135, மில்லிமீற்றரில் 3.4. அந்தக் கணக்கை எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. .357இன் வாய் துளைக்குள்ளே எங்கே போய் இடிக்கிறது? .38இன் வாய் வழக்கமாக நிற்கிற அதே கோட்டில். கட்டையான .38ஐ நூற்றுக்கணக்கில் சுட்டால், அதன் வாய்க்கு முன்னால் கரியும் ஈயமும் மெழுகும் சேர்ந்து துளையின் சுவரில் வளையமாகப் படியும். அரிசிச் சோறு வடிக்கிற பானையில் கஞ்சி மட்டம் நிற்கிற இடத்தில் படிகிற மாதிரி. .38 அந்த வளையத்தைத் தொடவே தொடாது. நீளமான .357 போய் அதில் முட்டும். தோட்டாவில் பிழையே இல்லை, துளைக்கு அழுக்கு.

இதையும் அவன் முதல்நாள் தட்டி ஏற்றப் பார்த்திருக்கிறான். ஏறியிருந்தால் இன்னும் மோசம். கோதின் வாய் அந்தக் கரி வளையத்துக்குள் இறுகியிருக்கும், சுடும்போது விரிந்து குண்டை விட இடம் இருக்காது, அமுக்கம் எங்கே போகும்?

கரைப்பான் ஊற்றி ஊற வைத்து, வெண்கலத் தூரிகையால் ஒவ்வொரு துளையாகத் தேய்த்தான். முதல் துணி தார் போலக் கறுத்து வந்தது, படம் அனுப்பினான். மூன்றாம் துளையில் இரண்டு மணித்தியாலம் போயிற்றாம். இப்போது ஒழுங்கு வைத்திருக்கிறான்: கிளப்பில் முதலில் .357, பிறகு .38, வீட்டுக்கு வந்ததும் தூரிகை.

சில்லறைத் தொல்லைகள் இரண்டும் வந்தன. ஒருநாள் தோட்டா ஆறும் நன்றாக இறங்கின, ஆனால் சிலிண்டரைப் பூட்டினால் சுற்றவில்லை. அது கேப் சரியாக உட்காராத கதை. அடியில் விரலைத் தடவினால் கேப் சற்று மேடாக நின்றது. கோது மட்டத்துக்கோ மயிரிழை கீழேயோ இருக்க வேண்டும். மேடாக நிற்பதைத் திருப்பி அமத்தாமல் பிரித்துவிடச் சொன்னேன். மற்றது, ஒரே துளையில் மட்டும் எதைப் போட்டாலும் விளிம்பு ஒரு பக்கம் தூக்கியது. கோதுகளை வெளியே தள்ளுகிற நட்சத்திரத்துக்கு அடியில் எரியாத மருந்துத் துணுக்கு ஒன்று. பல்துலக்கித் தூரிகை போதும். கோதைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்கப் பிடித்தால் துணுக்கு அங்கே விழாது என்று கிளப்பில் ஒரு வயசான வெள்ளைக்காரர் சொல்லிக் கொடுத்தாராம். அது நான் கண்டுபிடித்தது இல்லை.

போன கிழமை அவன் குரல்பதிவு ஒன்று அனுப்பினான், பேச்சு இல்லை. மேசையில் வைத்த சிலிண்டருக்குள் ஆறு பொய்த் தோட்டா ஒன்றன்பின் ஒன்றாக விழுகிற சத்தம், டக், டக், டக் என்று. மனைவி கேட்டுவிட்டு, "சுண்டல்காரன் மாதிரிச் சத்தம்" என்றாள். இதை அழிக்கச் சொல்லவில்லை.

அந்தச் செப்புக் குழாய்த் துண்டு லேத்துக்குப் பக்கத்து யன்னலில் இன்னும் கிடக்கிறது. நேற்று வேன் ஒன்றின் புஷ் கடைய வந்த தம்பி ஒருவர் அதைக் கையில் எடுத்து, வீங்கிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே, "இது என்ன மாஸ்டர்?" என்று கேட்டார்.

"ஏசிக் குழாய்" என்றேன்.